தேடித் தருவதிலிருந்து தேடக் கற்பிப்பது வரை: மருத்துவப் பல்கலைக்கழக நூலகங்களின் புதிய சேவைகள்

மருத்துவப் பல்கலைக்கழக நூலகம் என்பது மருத்துவ மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், பல்கலைக்கழக மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவர்கள் ஆகியோருக்காக இயங்கும் நூலகம். நூல்களை இரவல் தருவது, இதழ்களை அடுக்கிவைப்பது, கேட்ட கட்டுரைக்கு நகல் எடுத்துத் தருவது ஆகியவை அதன் பழைய பணிகள். இன்று அந்நூலகங்கள் வெளியிடும் அறிவிப்புகளில் வேறு பணிகள் இடம்பெறுகின்றன. தேடல் பயிற்சி வகுப்பு, முறைசார் மீளாய்வுக்குத் துணை, வார்டுக்கு வந்து உதவும் நூலகர், ஆய்வுத் தரவுகளைப் பாதுகாக்க வழிகாட்டல் என்று அப்பட்டியல் நீள்கிறது. இவை கணினி வந்ததால் தாமாக முளைத்தவை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் ஒவ்வொரு சேவைக்கும் பின்னால், எழுதி வைக்கப்பட்டிருந்தும் கண்டெடுக்கப்படாமல் போன செய்திகளின் கதை ஒன்று உண்டு. இந்த வரலாறு பெரும்பாலும் வட அமெரிக்காவில் நிகழ்ந்தது. எனவே இக்கட்டுரையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

பில்லிங்சும் அவருடைய பட்டியலும்

ஜான் ஷா பில்லிங்ஸ் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மருத்துவம் பயின்றவர். 1860இல் பட்டம் பெற்றார். வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சை பற்றி ஆய்வேடு எழுதப் புகுந்தபோது, அதுவரை யார் என்ன எழுதியுள்ளனர் என்று அறிய அவருக்கு வழி இருக்கவில்லை. நூலகம் நூலகமாக அலைந்தும் முழுமையான விவரம் கிடைக்கவில்லை. நூல்கள் இருந்தன, இதழ்கள் இருந்தன, ஆனால் எது எங்கே இருக்கிறது என்று காட்டும் பொருளடைவு இல்லை.

உள்நாட்டுப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய பின், 1865இல் இராணுவத் தலைமை மருத்துவர் அலுவலகத்தின் சிறு நூலகம் அவர் பொறுப்பில் வந்தது. அதில் அப்போது ஏறத்தாழ இரண்டாயிரம் நூல்களே இருந்தன. மறு ஆண்டு அந்நூலகம் வாஷிங்டனில் ஃபோர்டு நாடக அரங்கக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டது. ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டது இந்த அரங்கில்தான். அச்சம்பவத்துக்குப் பின் அரசு அதை அலுவலகமாக மாற்றியிருந்தது. பில்லிங்ஸ் ஓய்வு பெற்ற 1895இல் நூல்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்திருந்தது.

ஆனால் அவருடைய பெரும் பணி நூல் சேர்த்தது அன்று, பட்டியல் செய்தது. ராபர்ட் ஃபிளெட்சருடன் சேர்ந்து 1879இல் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் மாத வெளியீட்டைத் தொடங்கினார். உலகெங்கும் வரும் மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரித்துக் காட்டும் பட்டியல் இது. மறு ஆண்டு, நூலகத்திலுள்ள எல்லாவற்றுக்கும் உரிய பெரும் பட்டியலின் முதல் தொகுதி வந்தது. அதன் முதல் வரிசை மட்டும் 16 தொகுதிகள். அந்நூலகமே பின்னர் 1956இல் தேசிய மருத்துவ நூலகம் என்று பெயர் பெற்றது.

பால்டிமோர் நகரின் புகழ்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கட்டட அமைப்பைத் திட்டமிட்டவரும் பில்லிங்சே. அம்மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. இதே பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

எந்திரமும் இடைத்தரகரும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டுரைகளின் பெருக்கத்தை அச்சுப் பட்டியலால் தாங்க முடியவில்லை. 1960இல் தேசிய மருத்துவ நூலகம் 'மெஷ்' என்னும் பொருள் தலைப்புத் தொகுதியை வெளியிட்டது. ஒரே நோய்க்குப் பல பெயர்கள் இருப்பதால் வரும் குழப்பத்தைத் தீர்ப்பது இதன் நோக்கம். ஓர் ஆசிரியர் 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதுவார், மற்றொருவர் 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்று எழுதுவார். இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்தால் தேடுபவர் ஒரு சொல்லைக் கொண்டே இரண்டையும் அடையலாம். 1964இல் 'மெட்லார்ஸ்' என்ற கணினி அமைப்பு செயல்படத் தொடங்கியது. இண்டெக்ஸ் மெடிக்கஸை விரைவாக அச்சிடுவதும் கேள்விகளுக்கேற்பத் தேடித் தருவதும் அதன் வேலைகள்.

அக்காலத் தேடல் இன்றைய மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். மருத்துவர் தன் கேள்வியைத் தாளில் எழுதி அனுப்புவார். அதற்கென்றே பயிற்சி பெற்ற தேடல் வல்லுநர் அக்கேள்வியை மெஷ் தலைப்புகளாக மாற்றுவார். பல கேள்விகளைத் தொகுத்துக் கணினியில் ஓட்டுவார்கள். விடை அச்சாகித் தபாலில் வர வாரக்கணக்கில் ஆகும்.

இவ்வளவு பயிற்சியும் உழைப்பும் இருந்தும் விடை முழுமையாக இருந்ததா? எஃப். டபிள்யூ. லங்காஸ்டர் என்ற அறிஞர் மெட்லார்ஸ் தேடல்களை ஆராய்ந்து 1968இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு விடை கூறுகிறது. கிடைத்திருக்க வேண்டிய பொருத்தமான கட்டுரைகளில் சராசரியாக 58 விழுக்காடு மட்டுமே கிடைத்தன. கிடைத்தவற்றிலும் பாதியே பொருத்தமானவை. வல்லுநர்கள் தேடியே பத்தில் நான்கு நழுவின என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்டவர் தேவையைச் சரியாகச் சொல்லாததும், தேடியவர் எல்லா வழிகளிலும் தேடாததும் முக்கியக் காரணங்களாக அறியப்பட்டன. நூலகரும் மருத்துவரும் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற இது போன்ற ஆய்வுகள் உதவின.

1971இல் தொலைபேசி இணைப்பு வழியே தேடும் 'மெட்லைன்' வந்தது. வாரங்கள் நிமிடங்களாயின.

கட்டிலருகே நூலகர்

அதே 1971இல் கான்சாஸ் நகரிலுள்ள மிசௌரி பல்கலைக்கழகத்தின் புதிய மருத்துவப் பள்ளியில் ஒரு புதுமை நடந்தது. அங்கு மாணவர்கள் சிறு குழுக்களாக ஒரு மூத்த மருத்துவரின் கீழ் மருத்துவமனையிலேயே பயின்றனர். கெர்ட்ரூட் லாம்ப் என்ற நூலகர், இக்குழுக்களில் மருந்தியலாளரைப் போல நூலகரும் ஓர் உறுப்பினராக இருக்கலாமே என்று கருதினார். அவ்வாறே நூலகர்கள் காலை ரவுண்ட்சில் மருத்துவர்களுடன் வார்டில் நடக்கத் தொடங்கினர். கட்டிலருகே எழும் ஐயத்தைக் குறித்துக்கொண்டு, நூலகம் திரும்பித் தேடி, பொருத்தமான கட்டுரைகளின் நகலை மருத்துவர் கையில் சேர்ப்பர். 'மருத்துவமனை நூலகர்' என்று நாம் சொல்லக்கூடிய இப்பணி பின்னர் பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

மாணவர்கள் இதன் சிறப்பைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ரவுண்ட்சில் எழும் கேள்விகளில் பெரும்பாலானவை மருத்துவர் நூலகத்துக்கு வருவதற்குள் மறந்துபோகும். வருவதற்கு நேரமும் இராது. கேள்வி பிறக்கும் இடத்தில் நூலகர் இருந்தால் அந்தக் கேள்வி வீணாவதில்லை.

இதனால் நோயாளிக்குப் பயன் உண்டா என்று கேட்டவர்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதியில் 15 மருத்துவமனைகளில் நடந்து, 1992இல் வெளியான ஆய்வு இது பற்றியது. தம் நூலகத்திடமிருந்து பெற்ற தகவலால் சிகிச்சையின் ஏதோ ஒரு பகுதியை மாற்றிக்கொண்டதாக, அல்லது மாற்றிக்கொண்டிருக்கக்கூடும் என, விடையளித்த மருத்துவர்களில் 80 விழுக்காட்டினர் கூறினர். நோயாளியின் இறப்பைத் தவிர்க்கத் தகவல் உதவியதாக 19 விழுக்காட்டினர் தெரிவித்தனர். இவை மருத்துவர்கள் தாமே சொன்ன மதிப்பீடுகள், அளந்து பெற்றவை அல்ல. அந்த எச்சரிக்கையோடு படித்தாலும் சிறிய எண்கள் அல்ல.

எல்லோரும் தேடத் தொடங்கிய காலம்

1986இல் 'கிரேட்ஃபுல் மெட்' என்ற மென்பொருள் வெளிவந்தது. மருத்துவர் தன் மேசைக் கணினியிலிருந்தே மெட்லைனில் தேடலாம் என்றாயிற்று. 1992இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக அறிஞர்களை மையமாகக் கொண்ட குழு ஒன்று 'சான்று அடிப்படையிலான மருத்துவம்' என்ற கொள்கையை விரிவாக முன்வைத்தது. பழக்கத்தையும் மூத்தவர் சொல்லையும் மட்டும் நம்பாமல் ஆய்வுச் சான்றைத் தேடிப் படித்து மதிப்பிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்படியானால் ஒவ்வொரு மருத்துவருக்கும் தேடத் தெரிந்திருக்க வேண்டும்!

நூலகங்கள் வகுப்பறைகளாக மாறத் தொடங்கியது இங்கேதான். அவ்வகுப்புகளில் முதல் பாடம் கேள்வியைப் பிரிப்பது. நோயாளி யார், தர நினைக்கும் சிகிச்சை எது, எதனுடன் ஒப்பிடுகிறோம், எந்த விளைவை எதிர்பார்க்கிறோம் என நான்காகப் பிரிப்பர். 'சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு என்ன செய்யலாம்' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வரும், ஒன்றும் பயன்படாது. 'சர்க்கரை நோயால் காலில் புண் வந்த முதியவருக்கு, சாதாரணக் கட்டோடு ஒப்பிட, இந்தப் புதிய கட்டு புண்ணை விரைவில் ஆற்றுமா' என்று கேட்டால் தேட வழி பிறக்கும். கணக்குப் பாடத்தில் தரவு, கேட்கப்பட்டது என்று பிரித்து எழுதச் சொல்வோமே, அது போன்றதுதான் இது.

1997 ஜூன் மாதம் 'பப்மெட்' உலகில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. அன்றைய துணைக் குடியரசுத் தலைவர் அல் கோர் முதல் தேடலைச் செய்து காட்டினார். இனி நூலகர் எதற்கு என்ற பேச்சும் அக்காலத்தில் எழுந்தது.

2001: ஒரு மரணம்

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001இல் ஆஸ்துமா தொடர்பான ஆய்வு ஒன்று நடந்தது. நல்ல உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்கு ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசிக்கக் கொடுத்து, மூச்சுக்குழாய் எவ்வாறு விரிந்த நிலையில் இருக்கிறது என்று அறிய முயன்றனர். இம்மருந்து 1950களில் இரத்த அழுத்தத்துக்குத் தரப்பட்டு, பின்னர் வழக்கொழிந்தது. மருந்தைச் சுவாசித்த இளம்பெண் ஒருவரின் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதத்தில், ஜூன் 2 அன்று, அவர் இறந்தார்.

ஆய்வாளர் தேடாமல் இல்லை. பப்மெட்டிலும் நடைமுறையிலிருந்த பாடநூல்களிலும் மருந்தின் தீங்கு பற்றித் தேடியிருந்தார். ஆனால் அன்றைய பப்மெட்டில் 1966 முதலான கட்டுரைகளே இருந்தன. ஹெக்சாமெத்தோனியம் உட்கொண்ட நோயாளிகளுக்கு நுரையீரல் கெட்டது பற்றிய கட்டுரைகள் 1950களைச் சேர்ந்தவை. அவை பில்லிங்சின் மரபில் வந்த அச்சுப் பட்டியல்களில், நூலக அலமாரியில் கிடந்தன. பில்லிங்ஸ் திட்டமிட்ட மருத்துவமனையில் பில்லிங்சின் பட்டியல் புரட்டப்படாமல் போயிற்று.

இறப்புக்குத் தேடல் குறை மட்டுமே காரணம் என்று சொல்வது பொருந்தாது. ஆய்வுக்கு அனுமதி தந்த முறையிலும், தன்னார்வலர்களுக்கு எடுத்துச் சொன்ன விதத்திலும் குறைகள் சுட்டப்பட்டன. ஜூலை மாதம் அரசின் கண்காணிப்பு அலுவலகம் அப்பல்கலைக்கழகத்தில் அரசு நிதியில் மனிதர்கள் மீது நடந்த ஏறக்குறைய எல்லா ஆய்வுகளையும் சில நாள்கள் நிறுத்திவைத்தது. ஆயினும் நூலகர்கள் நடுவே இந்நிகழ்வு பெரும் விவாதத்தை எழுப்பியது. தேடுகருவி இலவசமாகக் கிடைப்பது ஒன்று, அதன் எல்லை எதுவென்று அறிந்து தேடுவது வேறு. இரண்டாவதைக் கற்பிக்க ஆள் வேண்டும்.

அதன் பிறகு

அமெரிக்க மருத்துவ நூலகச் சங்கம் வல்லுநர் தேடலின் தேவையை வலியுறுத்திக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒரு கேள்வி பற்றிய எல்லா ஆய்வுகளையும் திரட்டி, தரம் பார்த்து, ஒருமித்த விடை காணும் முயற்சிக்கு முறைசார் மீளாய்வு என்று பெயர். இதற்கான நெறிமுறைகளை 2011இல் வகுத்த அமெரிக்க மருத்துவக் கழகம், தேடலைத் திட்டமிடும்போதே பயிற்சி பெற்ற நூலகரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று பல மீளாய்வுக் கட்டுரைகளில் நூலகரும் ஓர் ஆசிரியராக இடம்பெறுகிறார். பழைய அச்சுப் பட்டியல்களிலிருந்து 1946 முதல் 1965 வரையிலான பதிவுகளும் படிப்படியாகப் பப்மெட்டில் சேர்க்கப்பட்டன.

பயிற்சி வகுப்புகளின் பொருளும் விரிந்துள்ளது. பணம் வாங்கிக்கொண்டு சரிபார்க்காமல் எதையும் வெளியிடும் போலி இதழ்களை இனங்காண்பது, ஆய்வுத் தரவைப் பிறர் பயன்படுத்தும்படி சேமிப்பது போன்றவை சேர்ந்தன. செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் சில நேரம் எழுதப்படவே இல்லாத கட்டுரைகளை மேற்கோளாகக் காட்டுவதால், அவற்றைச் சரிபார்ப்பதும் இப்போது கற்பிக்கப்பட வேண்டியதாயிற்று.

இந்தியாவில்

நம் நாட்டில் 1986இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் இணைந்து தில்லியில் உயிர்மருத்துவத் தகவல் மையம் ஒன்றை அமைத்தன. இந்திய மருத்துவ இதழ்களில் பல பப்மெட்டில் இடம்பெறுவதில்லை. எனவே அவற்றுக்கென 'இண்ட்மெட்' என்ற தனித் தரவுத்தளத்தை அம்மையம் உருவாக்கியது. பப்மெட்டோடு நிறுத்திக்கொண்டால் நம் மண்ணின் ஆய்வே கண்ணில் படாமல் போகலாம் என்பது அதன் பின்னுள்ள கவலை. முறைசார் மீளாய்வுகளுக்கான உலக அமைப்பான காக்ரேனின் தெற்காசியப் பணிக்கு 2005 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருப்பிடமாயிற்று. மீளாய்வு செய்வதற்கான பயிற்சிப் பட்டறைகள் அங்கிருந்து நடத்தப்பட்டன. 2007இல் இந்தியா முழுமைக்கும் காக்ரேன் நூலகத்தைக் கட்டணமின்றித் திறக்க ஆராய்ச்சிக் கழகம் ஏற்பாடு செய்தது. 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்கீழ் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 இதழ்கள் கிடைக்க வழி செய்யப்பட்டுள்ளது.

பப்மெட் இன்றும் இலவசம். அதைத் திறந்து ஹெக்சாமெத்தோனியம் என்று ஆங்கிலத்தில் இட்டு, பழையவை முதலில் வரும்படி அடுக்கிப் பார்க்கும் மாணவருக்கு, 2001இல் கண்ணில் படாமல் போன அந்த 1950களின் பதிவுகள் திரையில் வந்து நிற்கும்.