லினக்ஸில் ஒலிச் செலுத்திகள்: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் பணிசெயல் முறைமைகளைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் அவற்றின் கருவை ஆக்கியோரின் வரலாறுகளாகவே அமைந்துள்ளன. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் லினக்ஸை வெளியிட்டமை பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. ஆயின், அக்கருவுக்கும் வன்பொருளுக்கும் இடையே நின்று தொழிற்படும் சாதனச் செலுத்திகள் அத்துணைக் கவனம் பெறவில்லை. லினக்ஸ் மூலநிரலின் பெரும்பகுதி செலுத்திகளே என்பதை நோக்குமிடத்து இது வியப்புக்குரியது. அவற்றுள்ளும் ஒலிச் செலுத்தியின் வரலாறு தனித்து ஆராயத்தக்கது. பத்தாண்டுகளாகப் பலருக்கும் பயன்பட்டு வந்த ஒரு தொகுதி அங்கே கைவிடப்பட்டது. அதனிடத்தில் அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதப்பட்ட மற்றொன்று அமர்ந்தது. இம்மாற்றத்துக்குத் தொழினுட்ப மேன்மையே காரணம் எனக் கூறுவது வழக்கம். அக்கூற்றுப் பாதி உண்மையே.

ஒலிச் செலுத்தியின் வேலை யாது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். இசைத்தட்டின் தரத்திலமைந்த ஒலி, செக்கன் ஒன்றுக்கு 44,100 மாதிரிகளாக, இரு தடங்களில், மாதிரி ஒன்றுக்கு இரண்டு பைற்றுகள் வீதம் செல்கின்றது. அஃதாவது, செக்கனுக்கு 1,76,400 பைற்றுகள். இவற்றைச் செயலி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதில்லை. நினைவகத்தில் வட்டமாகப் பயன்படுத்தப்படும் இடையகம் ஒன்று ஒதுக்கப்படும். ஒலி அட்டை அதனைத் தானாகவே வாசித்துச் செல்லும். ஒரு பகுதி முடிந்ததும் இடையீட்டுக் குறிப்பொன்றை அனுப்பும். செலுத்தி அக்குறிப்பைப் பெற்று, முடிந்த பகுதியை மீண்டும் நிரப்புதற்கு வழிசெய்யும். 65,536 பைற்றுகள் கொண்ட இடையகம் 0.37 செக்கன் ஒலிக்கே போதுமானது. நிரப்புதல் பிந்துமாயின் அட்டை காத்திராது. பழைய மாதிரிகளை மீண்டும் ஒலிக்கும், அல்லது மௌனமாகும். வட்டுச் செலுத்தி சிறிது தாமதித்தாற் பயனர் அறியார். ஒலிச் செலுத்தி தாமதித்தால் அறையிலுள்ள அனைவரும் அறிவர். செலுத்தி என்ற பெயர் பெற்ற இந்நிரல் உண்மையில் அட்டையின் கடிகாரத்தாற் செலுத்தப்படுவதே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

சிங்கப்பூரின் கிரியேற்றிவ் ரெக்னோலஜி நிறுவனம் 1989 இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்ரர் என்னும் அட்டை சில ஆண்டுகளுள் தனியாள் கணனிகளின் பொது அளவுகோலாயிற்று. பின்லாந்தைச் சேர்ந்த ஹன்னு சவொலைனென் 1992 இல் இதற்கென லினக்ஸ் செலுத்தியொன்றை எழுதத் தொடங்கினார். அட்டை உள்ளதா என அறியும் முறையே அக்கால நிரலாக்கத்தின் தன்மையைக் காட்டும். குறித்த ஒரு துறையில் 1 என்று எழுதி, மூன்று மைக்ரோ செக்கன் பொறுத்து, 0 என்று எழுதுதல் வேண்டும். பின்னர் அட்டை 170 என்னும் எண்ணைத் திருப்பித் தந்தால் அது உயிரோடுள்ளது. இடையீட்டு இலக்கமும் நேரடி நினைவக அணுகலுக்கான வழியின் இலக்கமும் அட்டையிலே பொருத்தியவாறு அமைய வேண்டும். அவ்வணுகல் நினைவகத்தின் முதல் 16 மெகாபைற்றுக்கு அப்பாற் செல்லாது. எட்டு பிற் வழியாயின் 64 கிலோபைற்று எல்லையைக் கடக்கவும் மாட்டாது. எல்லையில் அமைந்த இடையகம் பிழைச்செய்தி எதனையும் தருவதில்லை. தொடக்கத்துக்கு மீண்டு, வேறெங்கோ உள்ள தரவை ஒலியாக்கி இரைச்சலை எழுப்பும்.

சவொலைனென் வகுத்த இடைமுகத்தின் சிறப்பு அதன் எளிமையாகும். ஒலி அட்டை ஒரு கோப்பாகவே தோற்றமளித்தது. நிரலர் அக்கோப்பைத் திறந்து, மாதிரி வீதத்தையும் தடங்களின் எண்ணிக்கையையும் தெரிவித்து, தரவை எழுதிவிட்டாற் போதும். யுனிக்ஸ் மரபின் வழிவந்தோர் இதனை உடனே விளங்கிக்கொண்டனர். மாணவர் ஒருவர் முப்பது வரிகளில் ஒலியை எழுப்பக்கூடியதாயிருந்தது. இவ்வெளிமையைப் பின்வந்த எந்த அமைப்பும் எட்டவில்லை எனலாம்.

குறைபாடுகளும் இருந்தன. பெரும்பாலான அட்டைகளில் அக்கோப்பை ஒரு வேளையில் ஒரு நிரலே திறக்க முடிந்தது. ஒன்று இசை மீட்டிக்கொண்டிருந்தால் மற்றொன்று மௌனமாகக் காத்திருக்க வேண்டும். இதனைத் தீர்ப்பதற்கென இடைநிலைச் சேவை நிரல்கள் தோன்றின. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எனினும், வரலாற்றின் போக்கை மாற்றியது இக்குறைபாடு மட்டுமன்று. சவொலைனென் அமெரிக்காவின் 4ஃப்ரண்ட் ரெக்னோலஜீஸ் நிறுவனத்தோடு இணைந்து, ஓப்பன் சவுண்ட் சிஸ்ரம் என்னும் பெயரில் தம் செலுத்தியை வணிகப் பொருளாக வளர்த்தெடுத்தார். கருவோடு சேர்ந்து வந்த இலவசப் பதிப்பு ஒருபுறமும், விலைக்கு விற்கப்பட்ட மூடிய பதிப்பு மறுபுறமுமாக அது இரண்டாகப் பிரிந்தது. புதிய அட்டைகளுக்கான ஆதரவு முதலில் விலைக்குரிய பதிப்பையே அடைந்தது. இதனை ஆக்கியோனின் பேராசை எனக் கொள்வது நியாயமாகாது. வன்பொருள் நிறுவனங்கள் பல தம் ஆவணங்களைப் பொதுவில் வெளியிட மறுத்த காலம் அது. இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டோர்க்கே அவை கிடைத்தன. அவ்வாறு பெற்ற அறிவைக் கொண்டு எழுதிய மூலநிரலைத் திறந்து வைத்தல் எளிதன்று. உழைப்புக்கு ஊதியமும் வேண்டும். எவ்வாறாயினும், கருவிலிருந்த இலவசப் பதிப்பு பராமரிப்புக் குன்றியதாயிற்று. ரெட் ஹற் நிறுவனத்தின் ஆதரவுடன் அலன் கொக்ஸ் அதனைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்து, வேண்டும்போது ஏற்றவும் இறக்கவும் தக்கதாக்கினார். அது பழைய வீட்டைத் திருத்திய பணியே.

புதிய வீடு செக் குடியரசில் எழுந்தது. 1992 இல் வெளிவந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்னும் அட்டை தன்னகத்தே நினைவகம் கொண்டது. 32 குரல்கள் வரை தானே கலந்து ஒலிக்க வல்லது. சவுண்ட் பிளாஸ்ரரை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்த செலுத்தி இவ்வட்டையின் ஆற்றலை முழுமையாக வெளிக்கொணரவில்லை எனக் கண்ட யாரொஸ்லாவ் கிசெலா, அதற்கெனத் தனிச் செலுத்தியை எழுதினார். அம்முயற்சியிலிருந்தே 1998 இல் அல்சா என்னும் பொதுத்திட்டம் உருவாயிற்று. தகாஷி இவாய் முதலியோர் அதிற் சேர்ந்தனர். ஜேர்மனியின் சூசெ நிறுவனம் துணை நின்றது. 2002 பெப்ரவரியில் அல்சா லினக்ஸின் வளர்நிலைப் பதிப்பாகிய 2.5.5 இற் சேர்க்கப்பட்டது. 2003 டிசெம்பரில் 2.6 வெளிவந்தபோது பழைய தொகுதி கைவிடப்பட வேண்டியது எனக் குறிக்கப்பட்டது.

அல்சாவின் அடிப்படைக் கொள்கை, கருவினுள் இயன்றவரை குறைவாகச் செய்தல் என்பதாம். வீதமாற்றமும் பல ஒலிகளைக் கலத்தலும் கருவுக்கு வெளியே, நூலகமொன்றில் நிகழ்தல் வேண்டும் என அதன் ஆசிரியர் கொண்டனர். தசமப்புள்ளிக் கணிப்புகளைக் கருவினுட் செய்யலாகாது என்னும் லினக்ஸ் மரபு இதற்கு அரணாயிருந்தது. இக்கொள்கை வலுவானதே, ஆயினும் அது ஒன்றே வழியன்று. ஃப்ரீபீஎஸ்டி என்னும் சகோதர முறைமை பழைய கோப்பு இடைமுகத்தையே வைத்துக்கொண்டு, கலத்தலைக் கருவினுள் முழு எண்களாற் செய்து, பல நிரல்கள் ஒரே வேளையில் ஒலிக்க வகைசெய்தது. ஆகவே சவொலைனெனின் இடைமுகம் வளரவியலாதது என்னும் வாதம் வரலாற்றின் முன் நிற்காது. லினக்ஸ் சமூகத்துக்கு வேண்டியிருந்தது தானே திறந்து திருத்தக்கூடிய ஒரு செலுத்தி. அதனை அல்சா தந்தது.

அத்திருத்தும் உரிமையின் பெறுமதி 2004 இல் இன்ரெல் நிறுவனம் எச்டி ஓடியோ என்னும் புதிய நியமத்தை வெளியிட்ட பின்னரே நன்கு புலப்பட்டது. ஒரு நியமம் இருக்கையில் ஒரு செலுத்தி போதும் என எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. எந்த முனை ஒலிபெருக்கிக்குரியது, எது தலையணி ஒலிவாங்கிக்குரியது என்பதைக் கணனி உற்பத்தியாளரே நிலைபொருளிற் பதிய வேண்டும். பலர் பிழையாகப் பதிந்தனர், சிலர் பதியவேயில்லை. மடிக்கணனி மௌனமாயிருந்தது; குற்றம் லினக்ஸின் மேல் விழுந்தது. அல்சா ஆசிரியர்கள் உலகெங்குமுள்ள கணனிகள் அனைத்தையும் வாங்கிச் சோதிக்க இயலாதாகையால், பயனர்களே தம் கணனியின் ஒலிச்சில்லு அமைப்பை உரைக்கோப்பாக எடுத்து அனுப்பினர். அதனை வாசித்து, குறித்த மாதிரிக்கெனத் தனித் திருத்தம் எழுதப்பட்டது. இத்திருத்த அட்டவணை ஆண்டுதோறும் நீண்டது. அழகற்ற நிரல் என அதனைப் பழிப்போருளர். பிறர் பிழைகளின் பதிவேடு அழகாயிருத்தல் எங்ஙனம்?

இவற்றினும் நுட்பமான பிழை ஒன்று காலத்தைப் பற்றியது. சில கட்டுப்பாட்டுச் சில்லுகள் ஒரு பகுதி முடிந்தது என்னும் குறிப்பை, அது உண்மையில் முடிவதற்குச் சற்று முன்னரே அனுப்பின. தாம் நிற்கும் இடத்தையும் பிழையாகத் தெரிவித்தன. அதனை நம்பிய செலுத்தி, இன்னும் ஒலிக்கப்படாத பகுதியை நிரப்புமாறு நிரலுக்குக் கூறியது. விளைவு, இடையிடையே வெடியொலி. இத்தகைய பிழையைத் தேடுவோர்க்கு வழக்கமான கருவிகள் உதவுவதில்லை. இடையீட்டைக் கையாளும் நிரற்பகுதியில் அச்சிடும் கட்டளையொன்றைச் சேர்த்தால், அக்கட்டளை கொள்ளும் நேரத்தாலேயே பிழை மறைந்துவிடும், நீக்கினால் மீளும். எனவே செலுத்தி எழுதுவோர் இசையை விட்டுத் தனிச்சுரத்தைக் கொண்டு சோதிப்பர். இசையில் மறையும் ஒரு மாதிரியின் இழப்பு, தூய சைன் அலையிற் சொடுக்கெனக் கேட்கும். அல்சா கண்ட தீர்வு எளியது: குறிப்பு வந்ததும் நம்பாது, இடத்தை வாசித்துப் பார்த்தல், எல்லையை எட்டாதிருப்பின் பொறுத்து மீண்டும் பார்த்தல். எத்தனை மாதிரிகள் பொறுப்பது என்பதைப் பயனரே மாற்றவும் இடமளிக்கப்பட்டது.

4ஃப்ரண்ட் நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் தன் செலுத்தியின் நான்காம் பதிப்பைத் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. கருவினுள்ளேயே ஒலிகளைக் கலக்கும் வசதி அதில் இருந்தது. அதன் ஒலி தெளிவானது எனப் பாராட்டியோரும் உளர். ஆயினும் அதற்குள் ஆயிரக்கணக்கான கணனிகளின் பிழைகள் அல்சாவின் அட்டவணைகளில் ஏறிவிட்டன. அவ்வுழைப்பை மறுபடி தொடங்க எவரும் முன்வரவில்லை. லினக்ஸ் கருவுக்குள் அது மீளவில்லை. எனினும் சவொலைனெனின் கோப்பு முற்றாக அழிந்துவிடவில்லை. பழைய நிரல்களின் பொருட்டு அதனைப் போலி செய்யும் கூறு ஒன்றை அல்சாவே தன்னுள் வைத்துள்ளது. அதனை ஏற்றினால், 1990களில் எழுதப்பட்ட நிரல் அதே பெயருள்ள கோப்பைத் திறந்து, அதே முறையில் தன் மாதிரிகளை எழுதும், கேட்பது அல்சா.