உதகை முதல் கொச்சி வரை: ஸ்னூக்கர் பந்தயத்தின் கதை

இவ்வாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கச் செயலாளர் கேட்டபோது, பாலக்காட்டுக் கணவாயின் பெருமையையோ சேரர் குலத்தின் சிறப்பையோ நான் எழுதுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அவற்றை எழுத என்னினும் கற்றோர் நம் குடியிருப்பில் பலர் உளர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதும் நான், பச்சைத் துணி போர்த்திய மேசைமேல் நிறப் பந்துகளைக் கோலால் தள்ளி ஆடும் ஸ்னூக்கர் என்னும் ஆட்டத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். அது துரைமார் விளையாட்டாயிற்றே, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று வாசக அன்பர்கள் வினவலாம். உறவு உண்டு. பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 27 முதல் மார்ச் 3 வரை, நம் ஊரிலிருந்து மூன்று மணி நேர ரயில் தொலைவில் உள்ள கொச்சியில், போல்காட்டித் தீவின் கிராண்ட் ஹயாத் விடுதியில் ‘இந்தியன் ஓப்பன்’ என்னும் உலகத் தரவரிசைப் போட்டி நடைபெற்றது. ஸ்னூக்கரையே தொழிலாகக் கொண்ட பன்னாட்டு ஆட்டக்காரர்கள் அதில் கலந்துகொண்டனர். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் அதைப் படித்தவுடன் எனக்கு நினைவில் எழுந்தவை இரண்டு. ஒன்று உதகமண்டலம், மற்றொன்று என் தாத்தா.

முதலில் உதகையைக் கூறுவேன். இவ்வாட்டத்தைக் கண்டவர் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் படை அதிகாரி. (பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராய் இருந்த சேம்பர்லின் வேறொருவர், பெயர் ஒற்றுமையால் மயங்கலாகாது.) 1875-ல் ஜபல்பூரில் டெவன்ஷயர் படைப்பிரிவு தங்கியிருந்தது. வெளியே மழை, உள்ளே பொழுது போகவில்லை. பதினைந்து சிவப்புப் பந்துகளை வைத்து அந்நாளில் ஆடிவந்த பிரமிட்ஸ் என்னும் ஆட்டத்தில், வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து ஆடிப் பார்த்தார். உடன் ஆடிய ஒருவர் எளிதாக வீழ்த்தவேண்டிய பந்தைத் தவறவிட்டபோது, “நீ ஒரு ஸ்னூக்கர்” என்று எள்ளினாராம். இங்கிலாந்தில் படைக்கல்லூரியின் முதலாண்டு மாணவரை இகழ்ந்து அழைக்கும் பெயர் அது. வசைச்சொல்லே ஆட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

1881-ல் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக வந்த ராபர்ட்ஸ் துரையோடு சேம்பர்லினும் நீலகிரிக்கு வந்தார். 1882-ல் உதகை கிளப்பில் ஆட்ட விதிகள் முறையாக எழுதப்பெற்றுப் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டப்பட்டன. பிறந்த இடம் ஜபல்பூர் ஆயினும், சட்டம் பெற்ற இடம் உதகை. அன்று உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகர். நம் பாலக்காடும் அம்மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவாரி மாநிலம் பிரிந்த 1956 வரை அந்நிலையே நீடித்தது.

இங்கே ரயில்வே ஊழியன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம். ஸ்னூக்கர் மேசை பன்னிரண்டு அடி நீளமும் ஆறடி அகலமும் உடையது. பச்சைத் துணியின் கீழே இருப்பது மரப்பலகை அன்று, கனத்த பலகைக்கற்கள். மேசையின் எடை டன் கணக்கில் வரும். ஒலவக்கோடு வழியாகச் செல்லும் சென்னை - பேப்பூர் இருப்புப்பாதை 1862-ல் முடிவுற்றது. போத்தனூரிலிருந்து பிரிந்த கிளை 1873-ல் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிட்டது. மலைரயில் குன்னூரை அடைந்தது 1899-ல்; உதகையை அடைந்தது 1908-ல். அங்ஙனமாயின் 1882-ல் அக்கற்கள் மலையுச்சிக்கு எவ்வாறு சென்றிருக்கும்? மாட்டு வண்டியும் மனிதத் தோளுமன்றி வேறு வழியில்லை. விதி எழுதியவர் பெயர் நூல்களில் உள்ளது. கல் சுமந்தவர் பெயரை எந்நூலிலும் நான் காணவில்லை.

ஆட்டம் பின்னர்க் கடல் கடந்தது. 1885-ல் ஜான் ராபர்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற பில்லியர்ட்ஸ் வீரர் கல்கத்தாவில் கூச்பிகார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லினைச் சந்தித்து, விதிகளைக் கேட்டறிந்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். ஆண்டுகள் பல சென்றபின் அது வேறிடத்தில் தோன்றியது என்ற பேச்சு எழுந்தது. முதுமையடைந்திருந்த சேம்பர்லின் 1938-ல் ‘தி ஃபீல்டு’ என்னும் இதழுக்குக் கடிதம் எழுதி, தம் உரிமையை நிலைநாட்ட வேண்டியதாயிற்று. அவர் கூற்றுக்குச் சான்று சொல்லப் பழைய அதிகாரிகள் முன்வந்தனர்.

அதற்குள் அங்கே ஆட்டம் பிழைப்புக்குரிய தொழிலாகவும் ஆகிவிட்டிருந்தது. 1927-ல் நடந்த முதல் உலகத் தொழில்முறைப் போட்டியில் ஜோ டேவிஸ் வென்றார். அவருக்குக் கிடைத்த தொகை ஆறு பவுன் பத்து ஷில்லிங். 1946 வரை பதினைந்து முறை அப்பட்டத்தை அவரே வென்றார். 1977 முதல் அப்போட்டி ஷெபீல்டு நகரின் குரூசிபிள் அரங்கில் நடைபெற்று வருகிறது.

நம் நாட்டிலோ, ஆட்டம் கிளப்புகளின் சுவருக்குள்ளேயே நெடுங்காலம் இருந்தது. புனாவில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் 1958-ல் கல்கத்தாவில் அமெச்சூர் பில்லியர்ட்ஸ் உலகப் பட்டத்தை வென்றார். ஸ்னூக்கரில் அமெச்சூர் உலகப் பட்டத்தை ஓம் அகர்வால் 1984-ல் டப்ளினில் பெற்றார்; 2003-ல் பங்கஜ் அத்வானி பெற்றார். ஆயினும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் தரவரிசைப் போட்டி இந்திய மண்ணை மிதிக்க 2013 வரை காத்திருக்க நேர்ந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் புதுடில்லியில் முதல் இந்தியன் ஓப்பன் நடந்தது. நம் நாட்டு ஆதித்ய மேத்தா ஒவ்வொருவராக வென்று இறுதியாட்டத்தை அடைந்தார். தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதியை எட்டிய முதல் இந்தியர் அவரே. இறுதியில் சீனத்து டிங் ஜுன்ஹுய் ஐந்துக்குச் சுழி என்று வென்றுவிட்டார். சுழி என்று படிக்கையில் மனம் வருந்தத்தான் செய்கிறது. எனினும் டிங் அக்காலத்தில் தொடர்ந்து மூன்று தரவரிசைப் போட்டிகளை வென்ற பெருவீரர் என்பதையும் நினைக்கவேண்டும்.

2015-ல் மும்பையில் மைக்கேல் வைட், 2016-ல் ஹைதராபாத்தில் அந்தோணி மக்கில், 2017-ல் விசாகப்பட்டினத்தில் ஜான் ஹிக்கின்ஸ் ஆகியோர் வாகை சூடினர். ஆண்டுதோறும் ஊர் மாறிற்று. ஹிக்கின்ஸ் முன்பே பலமுறை உலகப் பட்டம் வென்றவர். வைட்டுக்கும் மக்கில்லுக்கும் அதுவே முதல் தரவரிசைப் பட்டம்.

2019-ல் கொச்சியின் முறை வந்தது. இறுதியில் மோதியவர்கள் இங்கிலாந்தின் மேத்யூ செல்ட், சீனத்தின் லியூ ஹாவ்டியான். இருவரும் அதற்குமுன் தரவரிசைப் பட்டம் எதையும் பெறாதவர். செல்ட் 2002-ல் தொழில்முறையில் புகுந்தவர். பதினேழாண்டு உழைப்புக்குப் பின், தம் முப்பத்து நான்காம் பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னதாக, ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் வென்றார். பரிசு ஐம்பதினாயிரம் பவுன். ஜோ டேவிஸின் ஆறரைப் பவுனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உதகையில் விதி எழுதி 137 ஆண்டுகள் கழித்து, மலைக்கு இப்பால் நம் கடற்கரையில் ஆட்டம் வந்து நின்றது. அடுத்த பருவத்தில் இந்தியன் ஓப்பன் நடைபெறவில்லை.

இனி என் தாத்தாவைக் கூறவேண்டும். சங்கரன்கோயில் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கங்காணியோடு மூணாறு மலைக்கு ஏறிய குடும்பம் எங்களுடையது. தாத்தா சிறுவனாய் இருந்தபோது, மலைமேல் துரைமார் கூடும் கிளப் ஒன்றில் மார்க்கர் வேலைக்கு எடுத்தனர். வீழ்ந்த பந்தைப் பையிலிருந்து எடுத்து உரிய புள்ளியில் வைப்பதும், கோலுக்குச் சாக்கட்டி தருவதும், எண்ணிக்கையைப் பலகையில் நகர்த்துவதும் மார்க்கரின் கடமை. பள்ளி செல்லாத தாத்தாவுக்குக் கணக்கு அந்த மேசையில்தான் வந்தது. சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு இரண்டு, பச்சைக்கு மூன்று, பழுப்புக்கு நான்கு, நீலத்துக்கு ஐந்து, இளஞ்சிவப்புக்கு ஆறு, கறுப்புக்கு ஏழு. ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பையே வீழ்த்திக் கடைசிவரை தவறாது ஆடினால் 147. எனக்கு வாய்ப்பாடு வருமுன்னே இதைத் தாத்தா சொல்லிக் கொடுத்தார்.

மார்க்கர் கோலைத் துடைக்கலாம்; ஆடலாகாது. ஓர் இரவு எல்லோரும் சென்றபின் தாத்தா ஒரே ஒரு பந்தை அடித்துப் பார்த்தார். காவலாள் கண்டு சொல்லிவிட்டான். அரை மாதச் சம்பளம் பிடித்துவிட்டனர். “பந்து பையில் விழுந்ததா?” என்று சிறுவயதில் கேட்டேன். “விழுந்தது” என்றார். அதற்குமேல் சொல்லமாட்டார்.

கொச்சிப் போட்டி நடந்தபோது தாத்தா உயிரோடில்லை. எனக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை. பின்னொரு நாள் அத்தகைய ஆட்டத்தின் காட்சிப்பதிவு ஒன்றைக் கைப்பேசியில் என் தந்தையாருக்குக் காட்டினேன். ஆடுபவரை அவர் கவனிக்கவில்லை. வெள்ளைக் கையுறை அணிந்த நடுவர் குனிந்து, கறுப்புப் பந்தை அதன் புள்ளியில் மெல்ல வைத்துவிட்டு எண்ணிக்கையை உரக்கச் சொல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது அப்பா பார்த்த வேலைதானே? இவருக்கு என்ன சம்பளம் கொடுப்பார்கள்?” என்று கேட்டார்.