மாலை மாற்றுற அந்த சில நொடி

நாமக்கல், சேலம் பக்கம் கொங்கு வேளாளர் கல்யாணத்தைப் படம் எடுக்கிறவருக்கு இணைச்சீர், மங்கல வாழ்த்துன்னு வரிசை மனப்பாடம். அருமைக்காரர் எங்கே நிற்பார்னும் தெரியும். எழுதுறவரும் வரையிறவரும் ஜோடி சேர்ந்து, சடங்கே வேண்டாம்னு மேடையேறினா கேமராவுக்கு மிஞ்சுறது மாலை மாற்றுற சில நொடிதான்.

அது லேசான நொடி இல்லை. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம், ஹோமமும் சப்தபதியும் இல்லாத ஒரு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. (திராவிடர் கழகம் அந்தப் பெயரை எடுத்தது 1944ல், நம்ம சேலம் மாநாட்டில்தான்.) அண்ணா ஆட்சி 1967ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னால் உறுதிமொழி சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் போதும். முன்னாடி நடந்த திருமணங்களுக்கும் இது பொருந்தும்.

உறுதிமொழி படத்தில் விழாது, மாலை விழும். பழைய ஆல்பம் கிடைத்தால் நான் முதல்ல தேடுறது அந்தப் படத்தைத்தான்.