கவர்னர்

கவர்னர் என்றதும் பலருக்கு ஆளுநர் மாளிகைதான் நினைவுக்கு வரும். டீசல் என்ஜின் மெக்கானிக்கைக் கேட்டால் வேறு சொல்வார்: வேகத்தை ஏறாமல் இறங்காமல் பிடித்துவைக்கும் கருவி.

இரண்டுக்கும் வேர் ஒன்று. கிரேக்கத்தில் 'கிபெர்னெட்டெஸ்' என்றால் சுக்கான் பிடிப்பவர், நம் மீகாமன். லத்தீனில் 'குபெர்னாட்டோர்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது.

1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி என்ஜினில் பொருத்திய கவர்னரில் இரண்டு குண்டுகள் சுழலும். வேகம் கூடினால் அவை விரிந்து மேலெழும், நீராவி வால்வு சற்று மூடும், வேகம் தணியும். விளைவே திரும்பி வந்து காரணத்தைத் திருத்துவதால் இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். சில என்ஜின்களில் திருத்தம் அளவு மீறி, வேகம் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. 1868-இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் இதற்குக் கணக்குப் போட்டார், சிறிய விலகல்களுக்கு மட்டும். குண்டை வெளியே தள்ளும் விசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது; நேர்கோட்டுக் கணக்குக்குள் முழுதாக அடங்காது. 1892-இல் ரஷ்யக் கணித அறிஞர் லியாபுனோவ் சமன்பாட்டைத் தீர்க்காமலே விடை கண்டார்: ஆற்றல் போன்ற ஓர் அளவு விடாமல் குறைந்துகொண்டே போனால், அமைப்பு தன் நிலைக்குத் திரும்பிவிடும். இந்த வரலாற்றிலேயே அழகான அடி அதுதான்.

1948-இல் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் அதே கிரேக்கச் சொல்லை எடுத்து, பின்னூட்டத்தை ஆராயும் தன் துறைக்கு 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயரிட்டார். அதன் தலையை மட்டும் வெட்டியதில் கிடைத்ததே 'சைபர் கிரைம்' என்பதில் உள்ள சைபர்.