மெக்கன்சிக்காக நடந்தவர்கள்: செஞ்சி மாணவர்களுக்கு ஒரு ஆய்வுத் தலைப்பு

டிசம்பர் பிறந்தால் வரலாறு படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டு வர ஆரம்பிச்சிடுவாங்க. செஞ்சி பக்கத்துப் பிள்ளைகள் என்றால் தலைப்பு முக்கால்வாசி முன்கூட்டியே முடிவாகியிருக்கும். தேசிங்கு ராஜன், சுல்பிகர் கானின் முற்றுகை, கோட்டையின் கட்டடக்கலை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் சேர்ந்தபிறகு இது இன்னும் கூடிப்போச்சு. தப்பில்லை. ஆனா பத்து ப்ராஜெக்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே பத்திகளாக இருக்கு.

அதனால் கொஞ்ச காலமாக நான் வேறொரு தலைப்பைச் சொல்லி வருகிறேன். கோட்டையை விட்டுவிட்டு ஒரு பயணத்தை எடுங்க என்கிறேன்.

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளே லூயிஸ், கிளார்க் பயணத்தைப் பற்றி ஆய்வு செய்வார்கள். 1804 முதல் 1806 வரை, அதுவரை வெள்ளையர் வரைபடத்தில் வெறுமையாக இருந்த மேற்குப் பகுதி வழியாகப் பசிபிக் கடல் வரை போய்த் திரும்பியவர்கள் அவர்கள். கிளம்பும் முன், 1803-இல், குடியரசுத் தலைவர் ஜெபர்சன் நீளமான கேள்விப் பட்டியல் கொடுத்தனுப்பினார். ஆறு எங்கே ஓடுது, யார் வாழறாங்க, என்ன மொழி, என்ன வியாபாரம் என்று. கூடப் போன சகாகவியா என்ற பழங்குடிப் பெண்ணைப் பற்றி இன்றைக்கு அங்கே தனியாகவே எழுதுகிறார்கள். வழி தெரிந்தவர்கள், மொழி தெரிந்தவர்கள் இல்லாமல் அந்தப் பயணம் நடந்திருக்காது என்பது மெல்ல மெல்ல ஏற்கப்பட்ட விஷயம்.

கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் நம்ம பக்கமும் அப்படி ஒரு பெரிய தேடல் நடந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்ததும், புதிதாகக் கைக்கு வந்த நாட்டை அளக்கும் பொறுப்பு காலின் மெக்கன்சிக்கு வந்தது. ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனிப் படையின் பொறியாளர். நிலத்தை மட்டும் அளக்கவில்லை. கல்வெட்டு, ஓலைச்சுவடி, நாணயம், ஊர்க் கதை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையர் ஆனார். 1821-இல் இறந்தார்.

இங்கேதான் மாணவர்கள் நின்று ஒரு கேள்வி கேட்கணும். மெக்கன்சிக்கு நம்ம மொழிகளில் படிக்கிற அளவுக்குத் தேர்ச்சி கிடையாது. அப்போ 1,568 சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள் எப்படிச் சேர்ந்தது?

நடந்தவர்கள் வேறு ஆட்கள். ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பிகள் லட்சுமய்யா, ராமசாமி, சமணப் பண்டிதர் தர்மய்யா, நாராயண ராவ், நிட்டல நைனா, இன்னும் பலர். ஊர் ஊராகப் போய்க் கணக்கப்பிள்ளையையும் கோயில் ஐயரையும் பார்த்து, ஊரின் பூர்வீகத்தைக் கேட்டு எழுதி வாங்கினார்கள். அந்த ஏடுகளுக்குத்தான் கைபீது என்று பெயர். வரி ஏற்றத்தான் வந்திருக்கான் என்று சந்தேகப்பட்டவர்களிடமும் பேசிப் பேசித்தான் வாங்கியாகணும். எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், என்ன கிடைத்தது என்று மெக்கன்சிக்கு அறிக்கையும் அனுப்பணும். போரய்யா 1803-இல் இறந்தபோது முப்பது வயதைக்கூடத் தொடவில்லை.

மெக்கன்சி இறந்தபிறகு இந்த வேலையைத் தொடர அனுமதி கேட்டார் லட்சுமய்யா. அதற்குத் தலைமை தாங்கும் தகுதி அவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கால் நூற்றாண்டு வேலையை நடத்தியவருக்கு இந்தப் பதில். தொகுப்பின் பெயர் இன்றும் மெக்கன்சி தொகுப்புதான். ஒரு பகுதி லண்டனில், ஒரு பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில்.

சரி, செஞ்சிக்கு இதில் என்ன இருக்கு? இருக்கு. அந்தச் சுவடிகளில் ஒன்று ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’. எழுதியவர் செஞ்சிக்காரர் நாராயணன் பிள்ளை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், ஆற்காட்டிலிருந்த மெக்லியாட் என்ற கம்பெனி அதிகாரி கேட்டுக்கொண்டதற்காக எழுதியது. செஞ்சி நாயக்கர்கள், மராத்தியர், முகலாயர், நவாப் என்று இந்த ஊர் பார்த்த ஆட்சிகளைத் தமிழில் வரிசையாகச் சொல்கிறது. சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் செஞ்சி வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது இதையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். நம்ம பிள்ளைகள் காப்பி அடிக்கிற பத்திகளுக்குப் பின்னால் இருப்பவர்களில் இந்த உள்ளூர்க்காரரும் ஒருவர். ஒரு ப்ராஜெக்டிலும் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னதெல்லாம் அப்படியே உண்மை என்று எடுத்துக்கக் கூடாது. கேள்விப்பட்டதும் நடந்ததும் கலந்துதான் இருக்கும். 1597-இல் இங்கே வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமென்டா, செஞ்சியின் பிரம்மாண்டத்தைப் பார்த்து அசந்துபோய், லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுக்கலில்கூட இப்படி ஒரு நகரம் இல்லை என்கிற மாதிரி எழுதினார். வெளியிலிருந்து வந்தவர் நகரத்தின் அளவைப் பார்க்கிறார். உள்ளூர்க்காரர் யாருக்குப் பின் யார் என்று வம்சத்தைப் பார்க்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தாலே ஒரு நல்ல ப்ராஜெக்ட் தேறும்.

போன வருஷம் ஒரு மாணவி இந்தத் தலைப்பை எடுத்தாள். அவள் தாத்தா வீடு பழைய கர்ணம் வீடு. 1980-இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தபோது வீட்டிலிருந்த காகிதக் கட்டு பரணுக்குப் போனது. அவள் போய்க் கேட்டபோது பாதிதான் இருந்தது. மீதி ஒரு போகிக்கு எரிஞ்சுபோச்சாம். இருந்த பாதியில் ஏரி மதகுகளின் பெயர்கள், எந்த மதகு எந்த வயலுக்கு என்ற கணக்கு எல்லாம் இருந்தது. அந்தப் பெயர்களில் பலவற்றை இப்போது ஊரில் யாரும் சொல்வதில்லை. தாத்தாவுக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. அவருக்கு எண்பத்தாறு வயசு.

இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கு. கோட்டை எங்கேயும் போகாது. திருவண்ணாமலை ரோட்டில் பஸ்ஸில் போனாலே ராஜகிரி ஒரு பக்கம், கிருஷ்ணகிரி ஒரு பக்கம் தெரியும். பரணில் இருக்கிற காகிதமும் எண்பத்தாறு வயசு ஞாபகமும் அப்படி இல்லை.

செய்ய வேண்டியது பெரிசா ஒண்ணுமில்லை. ஒரு ஊரை எடுங்க. மேல்சித்தாமூர், சிங்கவரம், தளவானூர், இல்லை உங்க சொந்த ஊர். நடந்து போங்க. மெக்கன்சியின் ஆட்கள் மாதிரி கேள்விகளை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்க. காகிதம் இருந்தால் கேட்டு வாங்கிப் படம் எடுத்துட்டு, கையோடு திருப்பிக் கொடுத்திடுங்க. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுங்க. உங்க கருத்தைத் தனியா எழுதுங்க.

கடைசிப் பக்கத்தில் பேராசிரியருக்கு நன்றி, நூலகருக்கு நன்றி என்று போடுவீங்க இல்லையா, அதற்கு மேலே விஷயம் சொன்னவர்களின் பெயர், வயது, ஊர் மூன்றையும் அவங்க சம்மதத்தோட போடுங்க. படிக்கத் தெரியாத ஆயாவா இருந்தாலும் சரி.