இளம் விஞ்ஞானியும் குறிப்பேடும்

அமெரிக்காவில் பெல் சோதனைச்சாலையில் யான் ஹென்ட்ரிக் ஷேன் என்னும் இளைஞர் கரிமப் பொருள்களில் மின்சாரம் பாயும் விதத்தை ஆராய்ந்து, வியப்பூட்டும் முடிவுகளை அடுக்கடுக்காக வெளியிட்டார். கருவி வரையும் கோட்டில் சிறு நடுக்கங்கள் இருக்கும். அவை ஒரு முறை வந்தபடி மறுமுறை வாரா. ஆனால் வெவ்வேறு சோதனைகளைக் குறித்த அவருடைய கட்டுரைகளில் ஒரே நடுக்கம் காணப்படுவதை 2002-இல் பிற விஞ்ஞானிகள் கண்டனர்.

மால்கம் பீஸ்லி தலைமையில் குழு ஒன்று ஆராய்ந்தது. முறையான சோதனைக் குறிப்பேடே இல்லை! கணிப்பொறியில் இடம் போதாமையால் மூலப் பதிவுகளையும் அழித்துவிட்டாராம். 24 குற்றச்சாட்டுகளுள் 16 மெய்ப்பட்டன. உடன் எழுதியோர் இம்மோசடியில் பங்கற்றவர் எனப்பட்டனர். அது நியாயமே. எனினும், “குறிப்பேட்டைக் கொண்டு வா, தம்பி” என்று மூத்தவர் ஒருவரேனும் தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாகாதா என்பதே என் மனத்தை உறுத்துவது.

மருத்துவத் துறையில், அந்நாட்டுத் தேசியச் சுகாதார நிலையம் தன் பயிற்சி நிதி பெறும் கல்விக்கூடங்களுக்கு ஆராய்ச்சி நெறிப் பாடத்தை 1990 முதலே கட்டாயமாக்கியிருந்தது. 2009-இல் அது விதியை விரித்தது: குறைந்தது 8 மணி நேரம் நேரில் பயில வேண்டும், கணிப்பொறிவழிப் பாடம் மட்டும் போதாது, ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர்களே கற்பிப்பதில் பங்கு கொள்ள வேண்டும். எட்டு மணி சொற்பந்தான். நான் பெரிதும் மதிப்பது அந்தக் கடைசி விதியையே.