வாசலில் நின்ற ஊர்

"தம்பி, ஓமந்தை தாண்டிட்டுதோ?"

கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்குச் செல்லும் இரவு பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் இருந்த ஆச்சி என்னை எழுப்பிக் கேட்டார். வவுனியா நகரின் வெளிச்சம் அப்போதுதான் பின்னால் மறைந்துகொண்டிருந்தது. ஆச்சியின் கையில் அடையாள அட்டை இருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடி 2015இல் அகற்றப்பட்டுவிட்டது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் வவுனியா வந்ததும் கை தானாகவே அட்டையைத் தேடுகிறது.

நேயர்களே, ஓர் ஊரின் வரலாறு இப்படியான கைப்பழக்கங்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. வன்னியின் தெற்கு வாசலாகிய வவுனியாவின் கதையை அந்த ஆச்சியின் கையிலிருந்தே தொடங்கலாம்.

பழைய ஆவணங்கள் இவ்வூரை வவுனியாவிளாங்குளம் என்று குறிக்கின்றன. பெயரே இது ஒரு குளத்து ஊர் என்று சொல்லிவிடுகிறது. வடக்கே வீடு போகும் வழியும் அப்படித்தான்: தாண்டிக்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம். குளம், குளத்தின் கீழ் வயல், வயலைச் சுற்றிக் காடு என்றிருந்த அந்த வன்னியை, பிரித்தானிய சிவில் சேவை அதிகாரி ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளிவந்த தமது கைந்நூலில் விரிவாகப் பதிந்துவைத்தார். பத்து ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்றது. குளத்து ஊர் புகையிரத நிலைய நகராயிற்று. ஆனால் கொழும்பில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தவருக்கு வவுனியா யன்னலூடாகக் காணும் ஒரு மேடை மாத்திரமே. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னரும் அப்படித்தான். வாசலை யார் நின்று பார்க்கிறார்கள்?

கதவு சாத்தப்பட்டபோதுதான் வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. நகரம் அரச படைகளின் கட்டுப்பாட்டிலும், அதற்கு வடக்கே இருந்த நிலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. பயணிகள் தாண்டிக்குளத்தில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சூனியப் பிரதேசத்தைக் கடந்தனர். இரு தரப்பாரும் பாஸ் கேட்டனர். வவுனியாவில் தங்குவதற்கும் நாள் கணக்கில், மாதக் கணக்கில் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. பற்றரியும் மண்ணெண்ணெயும் எளிதில் வடக்கே வாரா. எங்கள் வீட்டில் ஜாம் போத்தல் விளக்கில்தான் நான் பாடம் படித்தேன். 1997 மே மாதம் தொடங்கிய 'ஜயசிக்குறு' படை நடவடிக்கை இந்த வீதியைத் திறப்பதற்கென்றே நடந்தது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீடித்தும் வீதி திறக்கவில்லை. வீதியோரத்து ஊர்கள்தாம் அழிந்தன.

2002 ஏப்ரலில் பாதை திறந்தது. பல்கலைக்கழக மாணவனாக நான் ஓமந்தை வழியே வீடு சென்று வந்த காலம் அது. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டபோது நான் வவுனியாவில் அகப்பட்டேன். கிளிநொச்சி அங்கிருந்து ஏறக்குறைய 75 கிலோமீற்றர். மூன்று ஆண்டுகள் அளவாக அந்தத் தூரத்தை என்னால் கடக்க முடியவில்லை. 2009இல் வன்னியிலிருந்து ஏறக்குறைய 3 இலட்சம் மக்கள் வெளியே வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வவுனியா மாவட்ட முகாம்களில் வைக்கப்பட்டனர். முகாம் ஒன்றின் வேலிக்கு அப்பால் அம்மாவைக் கண்டேன். "வீட்டுத் திறப்பு கவனமா வைச்சிருக்கிறன், தம்பி" என்றார். அந்த வீட்டுக்குக் கூரையும் கதவும் இல்லாமற் போனது பின்னர்தான் தெரிந்தது.

வகுப்பில் அகத்திணை படிப்பிக்கும்போது, பாலைக்குப் பிரிதலும் முல்லைக்கு இருத்தலும் உரிப்பொருள் என்று சொல்வோம். இருத்தல் என்பது சும்மா இருப்பதன்று என விளக்க முற்படும்போது எனக்கு வவுனியாதான் நினைவுக்கு வரும். பாஸுக்காகக் காத்திருந்தவர்கள் அங்கே கடை போட்டார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். காணி வாங்கிக் கிணறு வெட்டினார்கள். பாதை திறந்த பின்னரும் பலர் திரும்பவில்லை. இன்றைய வவுனியாவின் ஒரு பகுதி காத்திருந்தோர் கட்டிய ஊர்.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. என் வகுப்புப் பிள்ளைகள் 2009இன் பின் பிறந்தவர்கள். பாஸ் என்றால் அவர்களுக்குப் பரீட்சைப் பாஸ்தான். அது நல்லதே. ஆயினும் பாதை திறந்த திகதியும் மூடிய திகதியும் நூல்களில் நிற்கும். இடையிலே மக்கள் காத்திருந்த காலத்தை யார் எழுதுவது? அதை அறிந்தவர்கள் முதுமை அடைந்துவிட்டார்கள். பிள்ளைகளே, வீட்டிலுள்ள அம்மம்மாவிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

விடியப்புறம் முறிகண்டியில் பஸ் நின்றது. ஆச்சி இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு சரை கச்சானுடன் திரும்பி வந்து, எனக்கும் ஒரு கை அள்ளித் தந்தார். பிறகுதான் அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைத்தார்.

"வந்திட்டம், தம்பி" என்றார்.